டப்பாவில் இருக்கும் ஊர் ஒன்று, இலை விளைந்த ஊர் வேறு

கீழக்கரையில் பழைய வீட்டை இடிப்பதற்கு முன்னால் சாமான்களை ஒதுக்கும்போது, கொழும்பில் கடை வைத்திருந்த உங்கள் பாட்டனாரின் டிரங்குப் பெட்டியில் ஒரு பைப்பும் இரண்டு தகர டப்பாக்களும் கிடைத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு டப்பாவில் வர்ஜீனியா என்றும் இங்கிலாந்து என்றும் இருக்கிறது. மற்றதில் டென்மார்க் என்று இருக்கிறது, அடியில் சின்ன எழுத்தில் லடாக்கியா, பெரிக் என்று இரண்டு பெயர்கள். இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் புகையிலை விளையுமா, பைப் புகையிலை உலகத்தில் எங்கே விளைகிறது, எங்கே தயாராகிறது, வடக்கே வேதாரண்யத்திலும் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் விளையும்போது நடுவில் இருக்கிற நம் ராமநாதபுரம் கரையில் மட்டும் ஏன் இல்லை என்பவை உங்கள் கேள்விகள். மூன்றாகத் தெரிந்தாலும் இதை நான் ஒரே கேள்வியாகத்தான் பார்க்கிறேன். டப்பாவின் மேல் இருக்கும் பெயர் எதைக் குறிக்கிறது, மண்ணையா, பக்குவத்தையா, தொழிற்சாலையையா? அது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

எனக்குச் சொந்த ஊர் தொண்டி. 1981-ல் ஆந்திரத்தில் புகையிலை இலை வாங்கும் ஒரு கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். சீராலா, ஓங்கோல், ஜங்காரெட்டிகூடெம், கடைசி ஆறு வருஷம் மைசூர் பக்கம் ஹுன்சூர் என்று 31 வருஷம் இலையோடுதான் பிழைப்பு. ஆகவே வர்ஜீனியா இலையைப் பற்றி நான் சொல்வது கையால் தொட்டு, மூக்கால் முகர்ந்து தெரிந்துகொண்டது. லடாக்கியாவும் பெரிக்கும் விளையும் இடங்களுக்கு நான் போனதில்லை. வெளிநாட்டு வாங்குநர்கள் கொண்டுவந்த மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் கேட்டிருக்கிறேன், தொழிலுக்காகப் படித்திருக்கிறேன். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். பைப் புகையிலை என்று தனியாக ஒரு செடி கிடையாது. சுருட்டு, சிகரெட், பைப், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாமே பெரும்பாலும் நிக்கோட்டியானா டபாக்கம் என்ற ஒரே இனம்தான். ரகம் வேறு, மண் வேறு, எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பாடம் வேறு. பறித்த இலையைக் காயவைத்துப் பக்குவப்படுத்துவதை நம் விவசாயிகள் 'பாடம் செய்வது' என்பார்கள். கரையோரத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே மீனை வெயிலில் வெறுமனே காயவைத்தால் ஒரு வாசம், உப்புப் போட்டால் வேறு, குழியில் போட்டு எடுத்தால் முற்றிலும் வேறு. மீன் பிடித்த கடல் ஒன்றுதான், கருவாடு மூன்று. புகையிலையும் அப்படித்தான். இன்றைக்கு வர்ஜீனியா என்பது பெரும்பாலும் அமெரிக்க மாநிலத்தைக் குறிப்பதில்லை, பாடம் செய்த விதத்தைத்தான் குறிக்கிறது. உங்கள் முதல் டப்பாவில் இருந்த வர்ஜீனியா ஆப்பிரிக்காவில் விளைந்ததாகக்கூட இருக்கலாம், ஆந்திரத்தில் விளைந்ததாகவும் இருக்கலாம்.

அந்தப் பாடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஆந்திரத்தில் 'பாரன்' என்று சொல்லும் உயரமான சூளைக்குள் கம்புகளில் பச்சை இலையைக் கோத்து அடுக்கடுக்காகத் தொங்கவிடுவார்கள். அடுப்பு வெளியே இருக்கும். இரும்புக் குழாய்கள் வழியாக அனல் மட்டும் உள்ளே ஓடும், புகை இலைமேல் படாது. முதல் ஒன்றரை, இரண்டு நாள் சூடு 40 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது, உள்ளே ஈரக்காற்று கனமாக நிற்க வேண்டும். அந்த நேரத்தில் இலைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அது தன் மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக மாற்றிக்கொண்டு பச்சையிலிருந்து மஞ்சளாகிறது. முழுக்க மஞ்சளான வேளை பார்த்துச் சூட்டை ஏற்றி, ஈரத்தை வெளியே விட்டு, இலையை அதே நிறத்தில் நிறுத்திவிட வேண்டும். கடைசியில் 70 டிகிரி வரை ஏற்றினால்தான் நடு நரம்பு காயும். மொத்தம் ஐந்தாறு நாள். அந்த நாட்களில் விவசாயி வீட்டில் ஒருவர் தூங்க மாட்டார். இரவு 2 மணிக்கு டார்ச் லைட்டோடு பாரனின் சின்ன ஜன்னல் வழியே கண்ணாடிக்குப் பின்னால் இலையைப் பார்த்து, "இன்னும் நரம்போரம் பச்சை இருக்கு, நாலு மணி நேரம் போகட்டும்" என்று சொல்லும் பெரியவர்களோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். சூட்டை அரை நாள் முந்தி ஏற்றினால் இலை பச்சையாகவே செத்துவிடும். அரை நாள் பிந்தினால் சர்க்கரை எரிந்துபோய்ப் பழுப்பாகிவிடும். வர்ஜீனியாவின் இனிப்பு முழுக்க அந்த அரை நாளில் இருக்கிறது.

இந்த மஞ்சள் இலை முதலில் வந்தது அமெரிக்காவில், வட கரோலினாவின் காஸ்வெல் கவுண்டியில், 1839-ல். ஸ்லேட் என்பவரின் பண்ணையில் அடிமையாக இருந்த ஸ்டீபன் என்ற இளைஞர் சூளை அடுப்பு அணைந்துபோவதைக் கண்டு கரியை அள்ளிப் போட்டார், திடீரென்று ஏறிய சூட்டில் இலை பொன்னிறமாகிவிட்டது என்கிறார்கள். அந்த ஒரு ராத்திரியில் நடந்ததை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு. ஆனால் அவர் பெயரும் ஊரும் வருஷமும் வரலாற்றில் பதிந்திருக்கின்றன. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பணம் புரண்ட ஒரு பயிர் அடிமைப்பட்ட ஒரு மனிதரின் கையில் தொடங்கியது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

சரி, இன்று வர்ஜீனியா இலை எங்கே விளைகிறது? அளவில் முதலிடம் சீனாவுக்கு, குறிப்பாக யுன்னான் மாநிலத்துக்கு. ஆனால் அதில் பெரும்பகுதி அவர்கள் நாட்டுச் சிகரெட்டுக்கே போய்விடுகிறது. வெளியே விற்பதில் பிரேசில் பெரிய கை, அங்கே தெற்குக் கோடியில் இருக்கும் ரியோ கிராண்டி டோ சுல் மாநிலம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே, தான்சானியா. அமெரிக்காவில் இன்னமும் வட கரோலினா. கனடாவில் ஒன்டாரியோவின் மணற்பாங்கான தென்பகுதி. நம் நாட்டில் ஆந்திரமும் கர்நாடகமும். கர்நாடகத்தில் ஹுன்சூர், பெரியபட்ணா, எச்.டி. கோட்டை பக்கம் செம்மண்ணில் தென்மேற்குப் பருவமழையை நம்பி விளைவது காரம் குறைந்த இலை. ஓங்கோல், பொதிலி, கனிகிரி பக்கத்து இலை வேறு மாதிரி. கோதாவரிக்கு மேற்கே ஜங்காரெட்டிகூடெம், கொய்யலகூடெம் பக்கம் மணல் கலந்த சிவப்பு மண்ணில் தண்ணீர் பாய்ச்சி எடுக்கும் இலைதான் நான் தொட்டதிலேயே அருமையானது. கையில் எடுத்தால் எண்ணெய்த் துணி மாதிரி மடங்கும், விட்டால் மெல்ல விரியும். இந்த இலைக்கெல்லாம் குண்டூரில் இருக்கும் புகையிலை வாரியம்தான் பொறுப்பு. 1975-ம் வருஷச் சட்டத்தில் உருவானது. 1984-ல் கர்நாடகத்திலும் அடுத்த வருஷம் ஆந்திரத்திலும் ஏல மேடைகளைத் தொடங்கியது. அதற்கு முன்னால் விவசாயி கம்பெனி வாசலில் பேலை, அதாவது இலைக்கட்டை, இறக்கிவிட்டு, சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஏலம் வந்த பிறகு நாலு பேர் விலை சொல்லும்போது நிமிர்ந்து நின்றார்கள்.

அடுத்தது பர்லி. இதற்கு அடுப்பே வேண்டாம். செடியோடு வெட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டு, ஒன்றரை இரண்டு மாதம் காற்றில் காயவிட வேண்டும். அவ்வளவு நாளில் இலை தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடும். சர்க்கரை இல்லாத இலை பஞ்சு மாதிரி, எந்தப் பாகை ஊற்றினாலும் குடித்துக்கொள்ளும். அதிமதுரம், கோகோ, வெல்லப்பாகு வாசமெல்லாம் பிடிக்கும் இனிப்புப் பைப் கலவைகளில் அடித்தளமாகப் பர்லி இருப்பது அதனால்தான். அமெரிக்காவில் கென்டக்கி, டென்னசி, ஆப்பிரிக்காவில் மலாவி, தெற்கே பிரேசில் ஆகியவை இதன் முக்கிய இடங்கள். நம் ஆந்திரத்திலும் கொஞ்சம் விளைகிறது. கென்டக்கியில் கெட்டியான ரகங்களை மரப்புகையில் போட்டுக் கருக்கும் வழக்கமும் உண்டு. அதைத்தான் பைப்காரர்கள் கென்டக்கி என்று தனிப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். சுள்ளென்று இருக்கும்.

மூன்றாவது கீழைநாட்டு இலை, ஓரியண்டல். துருக்கியில் இஸ்மிர், சாம்சுன், கிரேக்கத்தில் க்சாந்தி, கவாலா, வட மாசிடோனியாவில் பிரிலெப், அப்புறம் பல்கேரியாவின் தெற்கு மலைகள். வறண்ட, கல் நிறைந்த சரிவில், தண்ணீர் இல்லாமல் வதைபட்டு வளரும் செடி. இலை உள்ளங்கை அளவுகூட இருக்காது. ஊசியால் ஒவ்வொன்றாக நூலில் கோத்து வெயிலில் கட்டிவிடுவார்கள். வெயில் காய்வது மட்டும்தான் பாடம். பூ, மசாலா கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். 1923-ல் துருக்கியும் கிரேக்கமும் மக்களை மாற்றிக்கொண்டபோது சாம்சுன், இஸ்மிர் பக்கத்துக் கிரேக்கக் குடும்பங்கள் பல வடக்குக் கிரேக்கத்தில் குடியேறின. அவர்கள் கையோடு புகையிலை வேலையும் அங்கே போனது. சிலோனிலிருந்து திரும்பியவர்களை வாங்கிக்கொண்ட கரைக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

லடாக்கியா இந்தக் கீழைநாட்டு இலையின் பிள்ளை. லடாக்கியா என்பது சிரியாவின் துறைமுகம், இலைக்கு அந்த ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. வெயிலில் காய்ந்த இலையை மூடிய கொட்டகைக்குள் தொங்கவிட்டு, கீழே ஓக், பைன் போன்ற மரங்களையும் வாசமுள்ள புதர்களையும் புகையவிட்டு, வாரக்கணக்கில் புகை ஏற்றுவார்கள். இலை கன்னங்கரேல் என்று ஆகிவிடும். சீராலாவில் இருந்தபோது ஒரு ஐரோப்பிய வாங்குநர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் கொண்டுவந்திருந்தார். திறந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர்க் கரைதான். வள்ளத்தின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, கீலைக் காய்ச்சி ஊற்றும்போது வருமே அந்த மணம், அதோடு பனை மட்டை எரிகிற கருப்பட்டி அடுப்பின் புகை. இரண்டும் கலந்தால் லடாக்கியா. உங்கள் டென்மார்க் டப்பாவின் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், எத்தனை வருஷம் ஆனாலும் இந்த மணம் சுலபத்தில் போகாது. சிரியாவில் காடு அழிந்ததால் இந்தப் புகை போடும் வேலை நின்றுபோய், இன்று சந்தைக்கு வருவது சைப்ரஸ் தீவின் லடாக்கியாதான். விளைச்சல் மிஞ்சிப்போன ஒரு வருஷம் இலையை வீட்டு உத்தரத்தில் கட்டி வைத்தார்கள், குளிர்கால அடுப்புப் புகை ஏறி இது உண்டானது என்று சொல்வதைக் கேட்டால் கேட்டுக்கொள்ளலாம், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரிக் மட்டும்தான் இத்தனையிலும் தன் மண்ணுக்கு உண்மையாக இருப்பது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரம்தான் அதன் ஊர். காய்ந்த இலையை ஈரப்படுத்தி, நரம்பை உரித்து, சின்னச் சின்ன முடிச்சுகளாகக் கட்டி, விஸ்கி பீப்பாயில் அடைத்து, மேலே திருகு ஜாக்கி வைத்து நெருக்குவார்கள். இலையிலிருந்து சாறு பிழிந்து வெளியே வந்து, அதே சாற்றில் இலை ஊறிப் புளிக்கும். நடுநடுவே பீப்பாயைத் திறந்து, இலையைக் காற்றாடவிட்டுப் புரட்டி மறுபடி நெருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு வருஷ வேலை. ஊறுகாய் ஜாடியைப் புரட்டிவிடுகிற மாதிரிதான். புளித்த பழத்தின் வாசமும் மிளகுக் காரமும் சேர்ந்து வரும். கலவையில் சிறிதளவுதான் சேர்ப்பார்கள். அந்த ஊர்ப் பழங்குடிகளான சோக்டா, சிக்கசா மக்கள் மரப்பொந்தில் இலையை நெருக்கி வைத்ததைப் பார்த்து, பியர் ஷெனே என்ற விவசாயி 1824-ல் இதை வியாபாரமாக்கினார் என்பது வழிவழியாகச் சொல்வது. பழங்குடிகளிடமிருந்து வந்த முறை என்பதில் பொதுவாக யாருக்கும் மாறுபாடில்லை. வருஷத்தைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டப்பாவில் இருக்கும் நாடுகளுக்கு வருவோம். இங்கிலாந்தில் புகையிலை விளையுமா என்றால், விளையும், விளைந்தும் இருக்கிறது. ஆனால் 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் வர்ஜீனியா குடியேற்றத்தில் நல்ல ரக விதையைப் போட்டு எடுத்த பிறகு, அந்தக் குடியேற்றத்தின் வருமானத்தையும் அரசின் சுங்க வரியையும் காப்பாற்ற வேண்டி, 1619-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் உள்நாட்டில் பயிரிடுவதைத் தடை செய்துவிட்டார். எனவே இங்கிலாந்து இலையை வெளியிலிருந்து வாங்கி, வெட்டி, கலந்து, டப்பாவில் அடைக்கும் நாடாக ஆனது. வில்ஸ் கம்பெனி இருந்த பிரிஸ்டல், பிளேயர்ஸ் இருந்த நாட்டிங்ஹாம், 1792-லிருந்து கயிறு மாதிரி முறுக்கிய புகையிலையும் மூக்குப்பொடியும் செய்துவரும் கென்டல் என்று அதற்கென்றே ஊர்கள் வளர்ந்தன. அந்த நாட்டுக் கம்பெனிகளின் வழியில்தான், இன்றைய ஐடிசி 1910-ல் கல்கத்தாவில் வேறு பெயரில் தொடங்கி, இரண்டு வருஷத்தில் குண்டூரில் இலைக்கென்று தனிக் கம்பெனி வைத்தது. கப்பல்காரர்கள் இலையை ரம்மில் நனைத்துக் கயிற்றால் இறுக்கிச் சுற்றி வைத்ததிலிருந்து 'நேவி கட்' என்ற, அழுத்திச் சீவிய புகையிலை வந்தது என்பார்கள். அது வாய்வழிக் கதை. ஆனால் இலையைப் பலகையாக அழுத்திச் சீவும் முறை அதன் குணத்தையே மாற்றிவிடும் என்பது நிச்சயம். அழுத்தத்திலும் சூட்டிலும் இலைகளின் சாறு ஒன்றுக்குள் ஒன்று இறங்கிக் கலக்கும்.

டென்மார்க் விஷயமும் அதேதான், அங்கே விளைச்சல் இல்லை, கைவேலைதான். 1826-ல் தொடங்கிய மாக் பாரன் ஸ்வென்ட்போர்க் நகரில் இருந்தது. அதை 2024-ல் ஸ்காண்டிநேவியன் டொபாகோ குரூப் வாங்கிவிட்டது. அந்தக் குழுமத்துக்கு ஃப்யூன் தீவில் அசென்ஸ் என்ற சின்ன ஊரில் இருக்கும் தொழிற்சாலை உலகத்தில் விற்கும் பைப் புகையிலையில் பெரும் பங்கைத் தயாரிக்கிறது. அயர்லாந்துப் பெயர், லண்டன் பெயர், அமெரிக்கப் பெயர் என்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் டப்பாக்களில் பல அந்த ஒரே ஊரிலிருந்து வருகிறவை. லண்டனில் 1907-ல் கடை திறந்த டன்ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கலவைகள் முதலில் லண்டனில், 1980-களில் பெல்ஃபாஸ்டில், பிறகு டென்மார்க்கில் தயாராயின. 2018-ல் டன்ஹில் பெயரே பைப் புகையிலையிலிருந்து போய், அதே கலவைகள் பீட்டர்சன் என்ற டப்ளின் பெயரில் வருகின்றன. ஜெர்மனியிலும் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களிலும் கலவை செய்யும் தொழிற்சாலைகள் உண்டு. ஆனால் இன்று பைப் புகையிலைக்கு ஒரு தலைநகரம் சொல் என்றால் நான் அசென்ஸைத்தான் சொல்வேன்.

அதனால் உங்கள் டப்பாக்களைப் பார்த்து, உள்ளே இருந்தது இன்ன நாட்டு இலை என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் பேல் கட்டி அனுப்பிய இலை கப்பலேறியதும் அதன் ஊர் அழிந்துவிடும். ஒரு வருஷம் பிரேசில் இலை விலை ஏறினால் கலவைக்காரர் ஆப்பிரிக்க இலையைச் சேர்த்து அதே ருசியைக் கொண்டுவந்துவிடுவார். அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். பெரிக் என்று போட்டிருந்தால் மட்டும் லூசியானா என்று தைரியமாகச் சொல்லலாம். லடாக்கியா என்றால் சிரியா அல்லது சைப்ரஸ். உங்கள் பாட்டனார் தனுஷ்கோடியில் கப்பல் ஏறிப் போய்வந்த காலம், அதாவது 1964 புயலுக்கு முன்னால் என்றால், சிரியாவாக இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் நான் துணிய மாட்டேன்.

கடைசிக் கேள்வி நம் கரையைப் பற்றியது, எனக்கு நெருக்கமானதும் அதுதான். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பைப்பைச் சுங்கான் என்பார்கள். சொல் இருந்தது, பழக்கமும் ஓரளவு இருந்தது, பயிர் இல்லை. காரணம் வெயிலோ மண்ணோ மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். உண்மையான தடை தண்ணீரில் இருக்கும் உப்பு. புகையிலைச் செடி உப்பில் இருக்கும் குளோரைடை வேரால் ஆசையாக இழுத்து இலையில் சேர்த்து வைக்கும். இலையில் அது ஒன்றரை சதவீதத்தைத் தாண்டினாலே எரிவது கெட்டுவிடும். பற்ற வைத்தால் புகைந்து புகைந்து அணையும், மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்து நமநமத்துப் போகும். அதற்குத்தான் ஆந்திரத்தில் புகையிலைக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரம் போடாதே, அதில் குளோரைடு இருக்கிறது, பொட்டாசியம் சல்பேட் போடு என்று விவசாயிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வோம். பொட்டாசியம் எரிய உதவும், குளோரைடு அணைக்கும். உப்பூர், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், வாலிநோக்கம் என்று பெயரைச் சொன்னாலே உப்பளம் கண்ணுக்கு வருகிற கரையில், பத்தடிக்குக் கீழே சவர்த் தண்ணீர் ஊறும் மண்ணில், எரிக்கிற இலை எப்படி வரும்?

அப்படியானால் வேதாரண்யத்தில் எப்படி என்று கேட்பீர்கள். அது வாயில் போடும் புகையிலை, யாரும் கொளுத்தப் போவதில்லை. அதற்குத் தேவை கெட்டி இலையும் காரமும்தான். கொஞ்சம் சவர்த் தண்ணீர் அதற்குப் பெரிய குறையாகாது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த செம்மண்ணும் கிணற்றுப் பாசனமும் உண்டு. அங்கே தேங்காய் மட்டைப் புகை போட்டுப் பாடம் செய்த இலை டச்சுக்காரர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குப் போனது, அதுவும் வாயில் போடத்தான். திண்டுக்கல் சுருட்டுக்குப் பெயர் போனது, அது உப்புக் காற்றிலிருந்து தூரம். நம் பக்கத்தில் புகையிலையின் சொந்தக்காரப் பயிர் ஒன்று கொடிகட்டிப் பறக்கிறது, அது மிளகாய். இரண்டும் கத்தரிக் குடும்பம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாயை யாரும் எரிப்பதில்லை, ஆகவே அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. நம் மண் குடும்பத்தில் நல்ல பிள்ளையைத்தான் வளர்த்திருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த இலையால் பிழைத்தவன் நான், இதன் கெடுதலையும் பார்த்தவன். பனி நனைந்த அதிகாலையில் இலை பறிக்கும் பெண்கள் மயங்கி விழுந்து வாந்தி எடுப்பதைப் பல சீசன்களில் பார்த்திருக்கிறேன், இலையின் நிக்கோட்டின் தோல் வழியாக உடம்பில் ஏறுவதால் வருவது அது. பாரன் அடுப்புக்கு மரங்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கியதையும் பார்த்திருக்கிறேன். பைப்பில் புகையை உள்ளே இழுப்பதில்லை, ஆதலால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்கள் பைப்காரர்களுக்கும் வருகின்றன. டப்பாவில் மிச்சம் ஏதும் ஒட்டியிருந்தால் முகர்ந்து பாருங்கள், பற்ற வைக்க வேண்டாம். டப்பாவையும் பைப்பையும் துடைத்து, உப்புக் காற்றில் துரு ஏறாமல் இருக்கக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, கொழும்புக் காலத்துப் படங்கள் இருந்தால் அவற்றோடு சேர்த்து வையுங்கள்.

நம் கரையில் வராது என்பதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், விடுமுறைக்கு வரும்போது எட்டு நாற்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து, தொண்டியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நட்டேன். அம்மா தினமும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆறு செடி பிழைத்தது. பார்க்க நன்றாகவே இருந்தது, இலை தடித்து, கரும்பச்சையாக. அடுத்த விடுமுறையில் வந்தபோது, அம்மா பறித்து அடுக்களை உத்தரத்தில் காயவைத்திருந்த இலையை எடுத்து, நாங்கள் கிடங்கில் செய்கிற சோதனையைச் செய்தேன். ஊதுபத்தி நெருப்பை இலையில் ஒரு இடத்தில் தொட்டு எடுத்துவிட்டு, கங்கு தானாக எவ்வளவு நேரம் ஊர்கிறது என்று எண்ண வேண்டும். ஜங்காரெட்டிகூடெம் இலையில் பொன் நிறத்தில் ஒரு வளையம் மெல்ல விரிந்துகொண்டே போகும், பத்தைத் தாண்டியும் எண்ணலாம். எங்கள் கொல்லை இலையில் கங்கு சிவந்தது, ஒன்று என்றேன், இரண்டு என்று சொல்லி முடிப்பதற்குள் கருத்துப்போய்விட்டது. அந்த இடத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.